ஐந்தாவது குடை

மூன்றாவது குடை படுத்துவிட்டது. நான்காவது தலைகீழ். ஐந்தாவது எங்கே போனதென்றே தெரியவில்லை...

இளவேனில் போனில் விளையாட்டை மூடி மறுபடி ஓட்டினாள். நடுவர்கள் இரண்டு மேசை தள்ளி நின்றார்கள். மழையில் குடைகள் நடந்துபோகும் போன் விளையாட்டு, அவளே எழுதியது. தேர்வானால் ஆறு மாதப் பயிற்சி வேலை. இல்லையென்றால்... "படிச்சது போதும்மா. என்கூட பொம்மசந்திரா ஃபேக்டரிக்கே பேக்கிங் வேலைக்கு வந்துடு." அப்பா சொன்னால் சொன்னதுதான்.

"நேத்து நல்லா ஓடுச்சே..." என்று முனகினாள்.

"நேத்து எத்தனை குடைங்க?"

எதிர் மேசைப் பையன். சட்டையில் ஸ்ரீகண்டன் என்று அட்டை. வேறு கல்லூரி. அதே ஒரே இடத்துக்குப் போட்டி. கண்ணில் சிரிப்பு வேறு.

"உங்க போனைப் பாருங்க."

"பாத்தாச்சு. எல்லாம் நேரா நிக்குது. போரடிக்குது."

ஜன்னலில் மழை வலுத்தது. இன்னும் ஐந்தே நிமிடம். இவனிடமா கேட்பது? வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிவிட்டால்?

லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

"நேத்து... ஒரே குடைதான்."

அவன் சிரிக்கவில்லை. கீபோர்டைத் தொடவும் இல்லை. ஒரு வரியை மட்டும் காட்டினான்.

"குடையைச் சாய்க்கிறதுக்கு முன்னாடி சேவ் போட்டிருக்கீங்க. வரைஞ்சப்புறம் பழைய நிலைக்குத் திருப்புற ரீஸ்டோர் எங்க? சாய்ச்ச சாய்ப்பு அப்படியே நிக்குது. அடுத்த குடை அதுக்கு மேல சாயுது."

ஒற்றைக் குடையில் அது தெரியவே இல்லை... விட்டுப்போன ரீஸ்டோர் வரியைச் சேர்த்தாள். போனில் ஏற்றினாள். ஐந்து குடைகளும் காற்றுக்கு லேசாகச் சாய்ந்து வரிசையாக நடந்தன.

நாலரைக்கு ஒரே பெயர் வாசித்தார்கள். அவள் பெயர். திங்கட்கிழமை முதல் வேலை.

வராந்தாவில் அவன் தனியாக நின்றிருந்தான்.

"உங்க இடம் போச்சே. ஏங்க சொல்லிக் கொடுத்தீங்க?"

"பரவால்ல..." அட்டையின் கயிற்றை விரலில் சுற்றினான். "டெமோ முடிஞ்சதும் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கேன்டீன் போனாங்க. எனக்குப் போகவே தோணல. உங்களையே பாத்துட்டு நின்னேன். சொல்ல பயமாத்தான் இருக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு."

மழையா, அவள் நெஞ்சா, எது அப்படி இரைந்தது?

"எனக்கும்..." என்றாள், தரையைப் பார்த்து. "பயமாத்தான் இருக்கு. ஆனா... பிடிச்சிருக்கு."

நிமிர்ந்தாள். கேட்டருகே அப்பா. ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறார், தோளெல்லாம் நனைந்து.

ஓடினாள். அப்பா குடையை அவள் பக்கம் சாய்த்தார்.

"கெடைச்சுதா?"

"கெடைச்சுதுப்பா."

அவர் சிரித்தார். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் வராந்தாவைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"யாரும்மா அந்தப் பையன்?"

என்ன சொன்னால்... திங்கட்கிழமை அவளை அந்தப் பயிற்சி வேலைக்கு அனுப்புவார்?