கடைசி ஆளுக்குப் பின்னால்

கேட் மூடிய சத்தம் வரவில்லை.

நாலைந்து எட்டு வைத்த பிறகுதான் மாவிஸுக்கு அது உறைத்தது. வில்கம்பி வைத்த இரும்புக் கேட் அது. கையை எடுத்தால் தானே போய்க் கல்தூணில் ‘ணங்’ என்று மோதும். காலையிலிருந்து தாண்டிய எல்லாக் கேட்டும் அப்படித்தான் மோதியது, மோதிய அதிர்வு குளிரில் பல்வரைக்கும் வந்தது. இது மட்டும் மோதவில்லை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கொண்டி மெல்ல விழுந்தது. பிள்ளை தூங்குகிற அறைக் கதவைப் பதமாகச் சாத்துவார்களே, அப்படி.

திரும்பிப் பார்த்தாள். மூடிய கேட். அதற்கப்பால் மூடுபனி, பனிக்குள் பாதி முழுகி நிற்கும் செம்மறியாடுகள், உறைந்து வெளுத்த புல்லில் அவர்கள் கூட்டமாக நடந்து வந்த தடம். ஆள் இல்லை. காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் காற்றே இல்லை.

அந்த மேட்டுப் பாதைகளில் நடக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் கேட்டைத் தாண்டியதும் பட்டென்று விட்டுவிட மாட்டார். திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டிப் பிடித்திருப்பார். அடுத்தவர் வந்து வாங்கிக்கொண்டு ‘நன்றி’ என்பார், இவர் ‘பரவாயில்ல’ என்பார். வானமே இடிந்து விழுந்தாலும் இந்த நன்றியும் பரவாயில்லையும் நிற்காது. கடைசியாக வருகிற ஆள்தான் கேட்டைச் சாத்த வேண்டும், இல்லாவிட்டால் ஆடு வெளியே போய்ப் பண்ணைக்காரனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்றைக்குக் கடைசி ஆள் மாவிஸ். அதற்கு அடையாளமாக அவள் கோட்டின் மேல் மினுங்கும் மஞ்சள் சட்டை ஒன்று கிடந்தது. நடைக்குழுவின் தலைவர் கிளைவ், ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார், எல்லோருக்கும் முன்னால் போவார். பாதை பிரிகிற இடம் வந்தால் நின்று கையைத் தூக்குவார். தூரத்தில் மஞ்சள் சட்டையின் கை பதிலுக்கு உயர்ந்தால் எல்லோரும் வந்தாயிற்று என்று அர்த்தம். தலையை எண்ணுவதெல்லாம் அவரிடம் கிடையாது. மஞ்சள் கண்ணில் படும்வரை ஓரடி நகர மாட்டார், பட்டுவிட்டால் அப்புறம் ஒரு நொடி நிற்க மாட்டார்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். டிசம்பர் மாதக் குளிரில், முன்னால் போனவர்கள் மிதித்துக் கலக்கிய சகதியில் பிந்தி வர யாருக்கு ஆசை? மற்றவர்கள் அந்தச் சட்டையைக் கண்டாலே ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொள்வார்கள். மாவிஸ் மட்டும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வாள். காரணத்தை வெளியே சொன்னால் வெட்கம். கணவர் டெரெக் போன பிறகு ஷ்ராப்ஷயரின் அந்தச் சின்ன வீட்டில் அவள் தனி ஆள். மகள் நியூஸிலாந்தில், ஞாயிறு தோறும் போன். மற்ற நாட்களில் பஸ் டிரைவரிடம் சொல்லும் நன்றியோடு அவள் குரலுக்கு வேலை முடிந்துவிடும். வழுக்கி விழுந்தால் யார் தேடுவார்கள் என்ற நினைப்பு, குளியலறைக்குப் போகும்போதெல்லாம் கூடவே வந்து வாசலில் நிற்கும். ஆனால் மஞ்சள் சட்டை போட்ட நாளில் ஒரு கூட்டமே குளிரில் காலை உதறிக்கொண்டு அவளுக்காகக் காத்து நிற்கும். அவள் வராமல் யாரும் போக முடியாது. இந்த ஒன்றுக்காகத்தான் அவள் இந்தக் குழுவோடு நடக்கவே வந்தாள்.

“மாவிஸ்! என்னடி, ஆட்டுக்கிட்டப் பேச்சுவார்த்தையா?”

முன்னால் பனிக்குள்ளிருந்து பிரெண்டாவின் குரல். முன்னாள் தபால்காரி, வாய் கொஞ்சம் நீளம், மனசு வெல்லம். மாவிஸ் எட்டி நடந்து அவளைப் பிடித்தாள்.

“பிரெண்டா, எனக்குப் பின்னாடி யாராவது வர்றாங்களா?”

“உனக்குப் பின்னாடி யாருடி வருவா? நீதானே வாலு! வாலுக்கு ஒரு வாலா?”

“கேட்ட யாரோ சாத்தின மாதிரி இருந்துச்சு.”

“மத்தியானம் நீ தின்ன மின்ஸ் பையில கிளைவ் பிராந்திய ஊத்திட்டாரு போல.” பிரெண்டா தோளை இடித்துச் சிரித்தாள். “அதுலயும் பாதிய எனக்குக் குடுத்துட்டியே, இல்லன்னா ரெண்டு பேர் தெரிஞ்சிருப்பாங்க.”

அதுவும் உண்மைதான். சர்ச் சுவரோரம் உட்கார்ந்து ஃபிளாஸ்க் டீ குடித்தபோது, மாவிஸ் வழக்கம்போல் தன் பங்கு மின்ஸ் பையை, உலர்பழம் அடைத்த அந்தக் கிறிஸ்துமஸ் பலகாரத்தை, விண்டு பாதியை பிரெண்டாவின் கையில் வைத்திருந்தாள். டெரெக் இருந்தவரை எதையும் பாதியாக்கியே தின்று பழகியவள், முழுசாகத் தின்றால் தொண்டையில் இறங்காது.

“கீழ பப்புல கணப்புக்குப் பக்கத்து நாற்காலிய உனக்குப் புடிச்சு வைக்கிறேன். ஆடி அசைஞ்சு வந்து சேரு.” பிரெண்டா முன்னே போய்விட்டாள்.

அடுத்த கேட் வந்தது. மாவிஸ் தாண்டினாள். கை தானாகப் பின்னால் நீண்டு கேட்டைப் பிடித்தது. நாற்பது வருஷப் பழக்கம் மூளையைக் கேட்டுக்கொண்டா வரும்? கம்பியின் குளிர் கையுறையைத் துளைத்து ஏறியது. ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றாள்.

கேட்டின் கனம் அவள் கையிலிருந்து இறங்கியது.

யாரோ வாங்கிக்கொண்டார்கள். பிடுங்கவில்லை, இழுக்கவில்லை. மரியாதையாக, பழகியவர் போல.

“பரவாயில்ல” என்றாள் மாவிஸ். அவள் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. யாரும் நன்றி சொல்லியிருக்கவில்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. திரும்பிப் பார்க்கக் கழுத்து மறுத்தது. பின்னால் கொண்டி மெல்ல விழுந்தது.

பாதை ஊசியிலைக் காட்டுக்குள் இறங்கியது. நாலு மணிகூட ஆகவில்லை, அதற்குள் மரங்களுக்கு அடியில் இருட்டு தேங்கிவிட்டது. முன்னால் போகிறவர்களின் பேச்சு பஞ்சில் சுற்றியது போல மழுங்கி வந்தது, பிறகு அதுவும் நின்றது. கிளைகளிலிருந்து சொட்டும் நீர், அவளுடைய பூட்ஸ் சகதியிலிருந்து பிடுங்கிக்கொள்ளும் சத்தம், அது அடங்கும் முன் இன்னொரு பூட்ஸ் பிடுங்கிக்கொள்ளும் சத்தம். நின்றால் அதுவும் நின்றது. நனைந்த கம்பளி வாடை வந்தது, அதற்குக் கீழே நெடுநாள் திறக்காத அலமாரியின் வாடை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். ஆனால் அரண்டது கண் இல்லை, மூக்கும் முதுகும்.

யோசித்துப் பார்த்தாள். வேறு குழுவிலிருந்து பிரிந்துவிட்ட யாரோ வயசானவராக இருந்தால்? பனியில் வழி தெரியாமல், கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு, மஞ்சள் நிறத்தை நம்பிப் பின்னாலேயே வருகிறவராக இருந்தால்? தனியாக விடப்படுவது என்னவென்று அவளுக்குத் தெரியாதா? தவிர, சட்டம் சட்டம்தான். மஞ்சள் சட்டைக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.

காட்டின் ஓரத்துக் கேட்டை அடைந்தாள். அகலத் திறந்தாள். ஒதுங்கி நின்றாள். பார்வையைத் தன் பூட்ஸின் மேலேயே வைத்துக்கொண்டாள்.

“நீங்க முன்னால போங்க” என்றாள். “நான்தான் கடைசி ஆள். உங்கள விட்டுட்டுப் போக மாட்டேன்.”

சொட்டும் நீர்கூட நின்றது.

கம்பளி வாடை நெருங்கியது. அவள் கன்னத்தை உரசினாற்போல் ஒரு குளிர் கடந்தது. சகதியில் ஒரு பள்ளம் விழுந்து நீர் ஊறியது, அதற்கு முன்னால் இன்னொன்று. தோளிலிருந்து ஏதோ நழுவினது போல லேசாக இருந்தது.

நீண்ட நேரம் கழித்து அவளும் தாண்டினாள். கேட்டை விட்டாள்.

ணங்!

அப்பாடா! கண்ணீரே வந்துவிட்டது. பின்னால் யாரும் இல்லை, கேட் ஒழுங்காக மோதிவிட்டது. பைத்தியக்காரி, பைத்தியக்காரி என்று தலையில் தட்டிக்கொண்டே திறந்த மேட்டுக்கு வந்தாள். பனி கொஞ்சம் விலகியிருந்தது. முகட்டில் கூட்டம் நின்றது, காலை உதறிக்கொண்டு, அவளுக்காக. அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். குட்டை உருவம், கொஞ்சம் கூனல். நிதானமான நடை.

மேலே மஞ்சள் சட்டை.

மாவிஸ் குனிந்து பார்த்தாள். தன் பழுப்புக் கோட். அவ்வளவுதான். சட்டை இல்லை.

முகட்டில் கிளைவ் கையைத் தூக்கினார்.

மாவிஸும் தூக்கினாள். இரண்டு கையையும். “கிளைவ்! நான் இங்க இருக்கேன்!”

மஞ்சள் சட்டை ஒரு கையைத் தூக்கியது. மெதுவாக. முதல் தடவை தூக்கிப் பார்க்கிறது போல.

கிளைவ் தலையாட்டினார். திரும்பினார். கூட்டமும் திரும்பியது.

ஓடினாள். சகதி தெறிக்கவில்லை. மூச்சு வாங்கியது, வாயிலிருந்து புகை வரவில்லை. கத்தினாள். ஓர் ஆடுகூட நிமிரவில்லை.

ஊருக்கு மேலே கடைசிக் கேட். ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். நன்றி, பரவாயில்ல, நன்றி, பரவாயில்ல. கடைசியாக மஞ்சள் சட்டை தாண்டியது. அது கையைப் பின்னால் நீட்டவில்லை. யாருக்காகவும் பிடிக்கவில்லை.

ணங்.

மாவிஸ் வந்து கொண்டியைப் பிடித்தாள். அவள் கைக்குக் கொண்டி தெரிந்தது. கொண்டிக்கு அவள் கை தெரியவில்லை. ஏறித் தாண்டப் பார்த்தாள். ஏறுவாள், இறங்குவாள், இறங்கினால் மறுபடி இந்தப் பக்கம்தான்.

கீழே பப்பின் ஜன்னல் மஞ்சளாக எரிந்தது. கணப்பு தெரிந்தது. கிளைவ் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். பிரெண்டா பிடித்து வைத்த நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். மாவிஸின் சிவப்புக் குல்லாய். மாவிஸின் நரைமுடி. முன்னால் தட்டு நிறைய மின்ஸ் பை. ஒன்றை எடுத்து வாய்க்குள் முழுசாகத் திணித்தது. அடுத்ததையும் முழுசாக.

இப்போது அவளைத் தேட யார் இருக்கிறார்கள்? எல்லோரும்தான் வந்தாயிற்றே. ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் அதை எடுக்கவும் ஆள் இருக்கிறது. குளியலறை வாசலில் வந்து நின்ற அந்தப் பழைய பயம் இப்போது அவளைச் சுற்றிலும், மேடு முழுக்க நின்றது. மாவிஸ் கேட்டில் நெற்றியை வைத்து அழுதாள். சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

நன்றாக இருட்டிய பிறகு, சரிவில் ஒரு டார்ச் ஏறி வந்தது.

பிரெண்டா. மூச்சிரைக்க, தனியாக. இருட்டில் ரோட்டில் வருகிற வண்டிக்காரன் கண்ணில் படவேண்டுமே என்று நாற்காலி முதுகில் தொங்கிய மஞ்சள் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். கொண்டியைத் தூக்கினாள், கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாள், மாவிஸுக்கு ஒரு கை தூரத்தில் நின்று டார்ச்சைச் சுழற்றினாள். வெளிச்சம் மாவிஸின் மேல் விழுந்தது, நிற்காமல் போய்விட்டது.

“மாவிஸ்! அடியே மாவிஸ்!” பிரெண்டாவின் குரல் உடைந்தது. “அங்க உக்காந்திருக்கிறது நீ இல்லடி. எனக்குத் தெரியும். எனக்குப் பாதி தராம நீ என்னிக்காவது தின்னிருக்கியா?”

வந்துவிட்டாள். தேடிக்கொண்டு வந்துவிட்டாள்! இத்தனை வருஷத்தில் தனக்காக ஒருத்தி இருட்டில் மலை ஏறி வந்திருக்கிறாள். மாவிஸுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல் இருந்தது. பிரெண்டாவின் முகத்துக்கு முன்னால் நின்று கத்தினாள், கோட்டைப் பிடித்து இழுத்தாள். பிரெண்டா கழுத்துத் துணியை இறுக்கிக்கொண்டாள். எத்தனையோ தடவை கூப்பிட்டாள். பதில் வராமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

கேட்டைத் தாண்டினாள். அவள் கை தானாகப் பின்னால் நீண்டது. திரும்பிப் பார்க்காமலே கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது.

வேண்டாம் பிரெண்டா. பிடிக்காதே. விட்டுவிடு.

கை விடவில்லை. பழக்கம். ஒரு மூச்சு நேரம். அந்தக் கைக்கு அப்பால் வெளிச்சமான ஜன்னல், கணப்பு, மனிதர்கள். அந்தக் கையில் ஒரு கேட், மாவிஸுக்காக, திறந்தபடி.

இங்கே எவ்வளவு குளிர்!

மாவிஸ் கையை நீட்டினாள். இந்தத் தடவை இரும்புக்கு அவள் கை தெரிந்தது. கனத்தை வாங்கிக்கொண்டாள்.

“பரவாயில்ல” என்றாள் பிரெண்டா, நினைவில்லாமல்.

சரிவில் இறங்கத் தொடங்கினாள். மஞ்சள் சட்டை டார்ச் வெளிச்சத்தில் மினுங்கியது. மாவிஸ் தாண்டி வந்து, கேட்டை மோதவிடாமல், பிள்ளை தூங்குகிற அறைக் கதவைச் சாத்துவதுபோல் பதமாகச் சாத்தினாள்.

நாலைந்து எட்டு போன பிரெண்டா நின்றாள். தலையைச் சாய்த்து, கேட் மோதும் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள்.