கெங்கம்மாள் பெயர் ஒட்டிய குடுவை

காக்களூர் தொழிற்பேட்டைக்கு எதிரே, பழைய மாடி வீடு ஒன்றில்தான் எங்கள் ஆஸ்பத்திரி நடந்தது. 2008 ஆனி மாதத்தில் ஒரு காலை, கடம்பத்தூர் பக்கமிருந்து மணவாளன் தன் மனைவியை அழைத்து வந்தார். நெல் பயிரிடுகிற குடும்பம். இரண்டு முறை கரு கலைந்து, சுத்தம் செய்கிறேன் என்று யாரோ சுரண்டியதில் அவளுடைய கருப்பையின் உட்சவ்வு தழும்பாகிப் போயிருந்தது. கரு வந்து ஒட்ட இடமில்லை.

டாக்டரம்மா அப்போது புதிதாக ஒரு சிகிச்சையை முயன்று பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய இடுப்பெலும்பிலிருந்தே மஜ்ஜை எடுத்து, அதிலுள்ள செல்களை லேபில் வளர்த்து, கருப்பைக்குள் வைத்தால் சவ்வு மறுபடி உண்டாகும் என்றார். வளர்ப்பது என் வேலை.

மணவாளன் நீட்டிய ரேஷன் கார்டைப் பார்த்து, செல் வளர்க்கும் குடுவையில் பெயர் ஒட்டினேன். கெங்கம்மாள், க/பெ மணவாளன்.

மறுநாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹஸ்னாக்கா, எம் பேரு திலகவதி. கெங்கம்மா அவரோட மொத சம்சாரம். செத்து ஆறு வருசமாச்சு. பேர எடுத்தா அரிசி கொறையும்னு கார்டுல அப்டியே வச்சிக்கினு கீறாரு. டாக்டராண்ட சொல்லிடாதீங்க, தொரத்திடுவாங்க. எனக்கு ஒரே ஒரு கொழந்த போதும்க்கா."

பாவமாக இருந்தது. செல் அவளுடையதுதானே, பெயர் எதுவாயிருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன். அந்தப் புத்திகெட்ட இரக்கத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. குடுவையைத் தொடுமுன் அதிலுள்ள பெயரை உரக்கப் படிக்க வேண்டும். தினமும் காலையில் படித்தேன். ஐந்தாம் நாள், செல்கள் வளரும் வெதுவெதுப்பான பெட்டியைத் திறந்ததும் பூண்டும் பெருங்காயமும் கலந்த வாசனை வந்தது. பிள்ளை பெற்ற வீட்டு வாசனை. எங்கள் ஆஸ்பத்திரியில் சமையலறையே கிடையாது.

பன்னிரண்டாம் நாள் கரண்ட் போயிருந்தது. எதிர்க் கம்பெனியில் ஓயாமல் இடிக்கும் மிஷின்கள் நின்று போயிருந்தன. அந்த அமைதியில் படித்தேன்.

"கெங்கம்மாள்."

"இன்னா?"

பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

பைத்தியம் என்பார்களே என்று யாரிடமும் சொல்லவில்லை. செல்களை உள்ளே வைத்த ஆறாவது வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். சவ்வு நன்றாக வளர்ந்திருந்தது. டாக்டரம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏம்மா, உனக்கு எப்போ சிசேரியன் ஆச்சு?"

கருப்பையில் பழைய தையல் தழும்பு தெரிந்தது. திலகவதியின் வயிற்றுத் தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

மணவாளன் சட்டென்று எழுந்தார். என்னை வெளியே அழைத்துப்போய் மெல்லச் சொன்னார். "கெங்கம்மா சிசேரியன்லதான் போச்சு சிஸ்டர். கொழந்த செத்தே பொறந்திச்சு. ஒரு வாட்டி பால் குடுத்துட்றேன்னு கெஞ்சிக்கினே கண்ண மூடிச்சு."

அன்றைக்கே தாலுக்கா ஆபீசுக்கு ஓடி, கார்டிலிருந்து அந்தப் பெயரை நீக்கிக்கொண்டு வந்தார். நானும் மீதிச் செல்களோடு லேபில் இருந்த அந்தக் குடுவைகளை எரிக்க அனுப்பினேன். வாசனை நின்றது. இரண்டு மாதத்தில் திலகவதி உண்டானாள். மறு வருஷம் ஆடியில் பெண் குழந்தை பிறந்தது. அவள் அழுத அழுகையைப் பார்த்து நானும் அழுதேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பினேன்.

மூன்றாம் நாள் பகலில் வார்டுக்குப் போனேன். பால் கட்டிய வலியில் திலகவதி மார்பை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பொறந்ததுலேந்து எங்கிட்ட வாயே வைக்கலக்கா," என்றாள். "ஆனா பசின்னு ஒரு தபா கூட அழுவல. எட மட்டும் ஏறிக்கினே போவுதாம்."

தொட்டிலைக் குனிந்து பார்த்தேன்.

குழந்தையின் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. வாய் எதையோ சப்பிக்கொண்டிருந்தது.

பூண்டு வாசனை.

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டேன்.

"கெங்கம்மா?"

சப்புவது நின்றது. குழந்தையின் உதட்டோரம் ஒரு சொட்டுப் பால் வழிந்தது.

சுவருக்கும் தொட்டிலுக்கும் நடுவிலிருந்து, பிள்ளை விழித்துவிடுமோ என்று பயந்து பேசுகிற குரலில் பதில் வந்தது.

"இன்னா?"