புல்வெட்டி நின்ற பிறகு

“மிஷினை நிறுத்தினப்புறமும் டீச்சரம்மா ஏம்பா சுவத்தைத் தட்டிக்கிட்டே இருக்காங்க?”

போன கோடையில் மகள் கேட்டது. “கோவம் இன்னும் தீரல” என்று சொல்லிவிட்டு அவன் குளிக்கப் போனான்.

பக்கத்து வீட்டில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, அவன் புல்வெட்டியை ஓட்டும்போதெல்லாம் இரு வீட்டுக்கும் பொதுவான சுவரைத் தட்டுவார். மூன்று தட்டு. பிறகு ஜன்னல் வழியே குரல்: “புல்லுக்கு முடி வெட்டறப்ப பூவுக்கும் ஏன் தம்பி மொட்டை போடறீங்க? பாதியையாவது விடுங்க, தேனீ பொழச்சுப் போகட்டும்.”

அன்று குரல் வரவில்லை. விழுந்து கிடந்தார். மறுநாள் கதவை உடைத்தபோது உயிர் போயிருந்தது; விரல் முட்டிகள் தோலுரிந்திருந்தன.

மகள் மறந்துவிட்டாள். அவன் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது புல்வெளியில் பாதியை அவருக்காக விட்டுக்கொடுத்தான். புல் மூச்சடைத்துச் சாகட்டும் என்று அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பரப்பி, நனைத்து, மேலே மண் போட்டிருந்தான். இந்த மண்ணில் தானாக முளைக்கும் பூச்செடிகளின் கன்றுகள் வரிசையாகக் காத்திருந்தன.

“கல்யாண நாளுக்கு எனக்கு ஒரு பூ வாங்கினதில்ல. வண்டுக்குத் தோட்டமே போடறீங்க,” என்று மனைவி சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

வெளிச்சம் மங்கியது. ஊறிய அட்டையின் புளித்த வாடைக்கு நடுவே, அப்போதுதான் வெட்டிய புல்லின் பச்சை வாசனை எங்கிருந்தோ எழுந்து வந்தது. புல்வெட்டியை அவன் விற்று மாதங்களாகியிருந்தன. சுவரின் நிழல் மண்மேல் மெதுவாக ஊர்ந்து வந்து அவன் முழங்காலைத் தொட்ட வேளையில், கீழிருந்து யாரோ அட்டையைத் தட்டும் சத்தம் கேட்டது.

மூன்று தட்டு.

தவளையாக இருக்கும்.

மறுபடியும் மூன்று.

எழுந்து உள்ளே போகலாம். கதவைச் சாத்தலாம். குளிக்கலாம். அன்று போல.

அவன் போகவில்லை. மண்ணை விலக்கி, கத்தியால் அட்டையைக் கிழித்தான்.

“வந்துட்டேன், டீச்சரம்மா.”

கையை உள்ளே விட்டான். முழங்கை வரை. மண் இல்லை. வெறும் குளிர். பிறகு விரல்கள். தோலுரிந்த முட்டிகள். அவை அவன் கையை இறுகப் பற்றிக்கொண்டன.

வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. மகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அவன் யாரையும் கூப்பிடவில்லை. கையை இழுக்கவும் இல்லை.

மெல்ல மெல்ல அந்த விரல்கள் சூடேறின. அவன் கை குளிர்ந்துகொண்டு வந்தது. மணிக்கட்டு. முழங்கை. தோள்.