முப்பத்திரண்டாவது வளைவில் நின்ற வண்டி

லாரி ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்த பிக்கப் வண்டி, கொல்லிமலை அடிவாரத்துப் பட்டறை வாசலில் நின்றபோது காலை பத்து மணி. வண்டியிலிருந்து முதலில் இறங்கியது அதன் முதலாளி அண்ணாமலையின் குரல்தான்.

"ஏனுங்கம்மா, ஒரு வண்டிக்கு எத்தனை கம்ப்யூட்டருங்க வாங்கறது? மொதல்ல இருந்தது ஆவணியில போச்சு. சேலத்துல புதுசு மாத்தினோம். நாப்பதே நாளு! நேத்துக் காலையில முப்பத்திரண்டாவது வளைவுல, அன்னாசி லோடோட அப்படியே நின்னு போச்சு."

2009-ஆம் வருடம் ஐப்பசி மாதம். பட்டறை அனஸுடையது. ஸ்பேனர் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் வண்டிகளுக்குள் புகுந்த பிறகு, "என் பட்டறைக்கு மூளை என் சம்சாரம்தான்" என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சம்சாரம் காமிலா, தன் அப்பாவின் டிவி ரிப்பேர் கடையில் சர்க்யூட் பலகைகளோடு வளர்ந்தவள்.

அண்ணாமலை, பின்னால் தலை குனிந்து நின்ற டிரைவர் ராசுவைக் கைகாட்டினார். "இவன் வேலைதாங்க. மலைமேல பெரக்கரை நாட்டு ஊருல ஒருத்தன் புது வண்டி எடுத்திருக்கான். அத ஓட்டப் போறதுக்கு முன்னால என் வண்டியக் கெடுத்துட்டுப் போறான். நேத்தே வண்டி ஸ்டாண்டுல எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டேன்."

ராசு நிமிர்ந்தான். "நான் ஒண்ணும் பண்ணலீங்க. இன்ஜின் நின்னு பிரேக் கல்லாட்டம் ஆனப்பகூட மண்மேட்டுல சாச்சுத்தானுங்க நிறுத்தினேன். இனி மலையில ஒருத்தரும் எனக்குச் சாவி குடுக்க மாட்டாங்க."

அனஸுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் இப்படிக் கெஞ்சிக் காரியம் சாதித்த கில்லாடிகளையும் அவன் பார்த்திருக்கிறான்.

காமிலா பானெட்டைத் திறந்தாள். பேட்டரியையும் எர்த் வயரையும் சோதித்தாள். சரியாக இருந்தன. கோளாறு காட்டும் ஸ்கேனரை மாட்டினாள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து சென்சார்கள் ஒரே நிமிடத்தில் கெட்டுவிட்டதாக அது சொன்னது.

"அஞ்சும் ஒண்ணாச் சாகாது. அஞ்சுக்கும் கரண்ட் குடுக்கற கம்ப்யூட்டர்தான் சாகுது. ஆனா அது போச்சுன்னு சொன்னாப் பத்தாது. ஏன் போச்சுன்னு தெரியாம மாத்தினா, மூணாவதும் போகும்."

"ஹோஸ் பைப்பைப் பிடிச்சு உள்ளே கழுவியிருப்பான்!" என்றான் அனஸ்.

"ஈரத் துணியிலதானுங்க தொடைப்பேன்" என்றான் ராசு.

இடதுபக்க சீட்டுக்கு முன்னால், டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டரைக் கழற்றினாள் காமிலா. வயர் செருகும் இடத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. மேல்பக்க ஸ்க்ரூ துருவேறிக் கிடந்தது. கீழ்பக்கத்து மூன்றும் பளபளவென்று இருந்தன. வயரின் மேலே ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு" என்றாள்.

"அப்படிச் சொல்லு! உப்புத் தண்ணிய ஊத்தியிருக்கான்!" அனஸ் துள்ளினான். அண்ணாமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராசுவை நெருங்கினார்.

"இருங்கண்ணா" என்று நடுவில் வந்து நின்றாள் காமிலா. "ராசு, வண்டி எப்பெப்ப நிக்குது?"

"சேலம், நாமக்கல்னு போனா ஒரு நாளும் நிக்காதுங்க. ராத்திரி மலைமேலே பனிமூட்டத்துல நிறுத்தி, காலையில எடுத்தாத்தான். அப்புறம், அந்த இடதுபக்கக் கால்மேட் மட்டும் எப்பவும் நசநசன்னு இருக்கும். ஒரு ரூபா காசு அகலத்துக்கு. கூரையில ஓட்டையும் இல்லீங்க."

"ஊத்தினவன் ஒரு ரூபா அகலத்துக்கா ஊத்துவான்?" காமிலா கணவனைப் பார்த்துச் சிரித்தாள். "ஊத்தியிருந்தா நாலு ஸ்க்ரூவும் துருப்பிடிச்சிருக்கும். இது வயர் வழியா மேலேயிருந்து ஒவ்வொரு சொட்டா வந்திருக்கு. அண்ணா, அந்தச் சீட்டுல யாருங்க உட்காருவாங்க?"

"நான்தான்."

"அங்கே டேஷ்போர்டுக்கு அடியில, கம்ப்யூட்டர் வயர்ல ஒரு சிவப்புத் துணி முடிச்சு தொங்குது. யார் கட்டினது?"

"நான்தானுங்க!" அண்ணாமலை நெஞ்சை நிமிர்த்தினார். "தையில வண்டி எடுத்தப்பவே கட்டினேன். கல்லுப்பும் மிளகாயும். எங்க அரியூர் நாட்டுலயே மொத கம்ப்யூட்டர் வண்டிங்க, ஊர்க் கண்ணு சும்மா விடுமா?"

"எவ்வளவு உப்பு?"

"ஒரு கைப்பிடி. ஆவணியில வண்டி படுத்ததும், கண்ணு பலமா இருக்குதுன்னு ரெண்டு கைப்பிடியா மாத்திக் கட்டினேன்."

"அவுத்துப் பாருங்க."

அண்ணாமலை குனிந்து முடிச்சை அறுத்துப் பிரித்தார். உள்ளே மூன்று மிளகாய் மட்டும் இருந்தன. துணியை உதறினார். திருப்பிப் பார்த்தார்.

"உப்பு எங்கீங்க?"

"உங்க கம்ப்யூட்டருக்குள்ள" என்றாள் காமிலா. "கீழே இதே மாதிரி நூறு வண்டியில கட்டியிருக்காங்க, ஒண்ணும் ஆகலை. மலைமேலே மூட்டத்து ஈரத்துல உப்பு தண்ணியா உருகும். மாசி, பங்குனி வெயில்ல சும்மா இருந்துச்சு. ஆடியில மழை மூட்டம் இறங்குச்சு, ஆவணியில மொதல் கம்ப்யூட்டர் போச்சு. ரெண்டு கைப்பிடி போட்டீங்க, ரெண்டாவது நாப்பது நாள்ல போச்சு. ராசு கெடுக்கலீங்கண்ணா. ஆசையா நீங்களே கட்டினதுதான்."

அனஸுக்கு வெட்கமாகிவிட்டது. முந்திரிக்கொட்டை மாதிரி முந்தி, ஒன்றும் அறியாதவனைக் கிட்டத்தட்ட மாட்டிவிட்டிருந்தான். ஓடிப்போய் ராசுவுக்கு ஒரு டீ வாங்கி வந்து கையில் கொடுத்தான். அண்ணாமலை பஸ் ஏறிப் போய்விட்டார். ராசுவையும் கூப்பிடவில்லை.

நான்காம் நாள் சேலத்திலிருந்து கம்ப்யூட்டர் வந்தது. களிம்பேறிய வயர் முனைகளை அனஸ் மாற்றினான். இந்த இன்ஜினில் டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் எண்களையும் சாவியின் குறியீட்டையும் காமிலா அதில் பதித்தாள். முதல் திருகலிலேயே வண்டி உறுமியது. மலையிலிருந்து திரும்பி வந்திருந்த அண்ணாமலை மடியிலிருந்து ஒரு சிவப்பு முடிச்சை எடுத்தார்.

"கட்டாம விட மனசு வரலீங்கம்மா."

"முன்னால பம்பர்ல கட்டுங்கண்ணா. கண்ணு வெளியில இருந்துதானே வருது."

கட்டிவிட்டு, வண்டியைப் பார்க்க வந்திருந்த ராசுவிடம் சாவியை நீட்டினார். ராசு கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இங்க குடுத்தாப் பத்தாதுங்க. ஸ்டாண்டுல எல்லாருக்கும் முன்னாலதானே சொன்னீங்க."

அண்ணாமலை ராசுவின் கையை இழுத்துச் சாவியை வைத்து மூடிவிட்டு, போய் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்தார்.

"நேரா ஸ்டாண்டுக்கு உடு சாமி. எல்லாரும் இருக்கறப்பவே போயிறலாம்."