நம்பியிருப்பவையும் நீக்கப்படும்

இந்தக் காலத்து ஆட்கள் எதையும் படித்துப் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர்ப் பெட்டி என்ன கேட்டாலும் ஆமாம், ஆமாம் என்று தட்டிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். நல்லம்பள்ளிக்கு வெளியே புளி வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் இருபது வருஷமாகக் காவல் நிற்கும் முனிராஜுக்கு அதுதான் வயிற்றெரிச்சல். குளிரறைகளை நடத்தும் லினக்ஸ் கம்ப்யூட்டரைப் புதுப்பிக்க வந்திருந்த பிரபாகரும் அதையேதான் செய்துகொண்டிருந்தான்.

"எச்சரிக்கைன்னு போட்டிருக்குதே, படிக்காம தட்டறியே?"

"புதுசுக்கு ஒத்துவராத பழைய புரோகிராமத் தூக்கிரும் பெரியவரே. அத நம்பி இருக்கறதும் கூடவே போயிரும். நூறு வருது. உக்காந்து படிச்சா பொங்கல் வந்துரும்."

மதிய வெயிலில் தகரக் கூரை முறுகிக்கொண்டிருந்தது. ஈரச் சாக்கின் நெடியும் புளியின் கமறலும் தொண்டையில் இறங்க, ஐந்து அறைகளின் விசிறிகளும் ஒரே இரைச்சலாய்ச் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்ததில் ஓர் இழை மட்டும் அறுந்ததை முனிராஜின் காது பிடித்தது. பழைய மோட்டாரில் ஓடும் ஐந்தாம் அறை. எழுந்து போய்ப் பார்த்தார். கதவு இருந்த இடத்தில் சுவர். புதிதாய்ப் பூசிய தடமில்லை. சுண்ணாம்பு பழுத்து, பல்லி எச்சம் காய்ந்து, எந்தக் காலத்திலிருந்தோ அங்கேயே நிற்கிற சுவர்.

"அஞ்சாம் ரூம் எங்கடா?"

"இருக்கறதே நாலுதானே. வெயில் தலைக்கு ஏறிருச்சா?"

திரும்பி வந்து திரையின் முன் குனிந்தார். வேலையாட்களுக்குப் புரியட்டும் என்று முதலாளி அதில் தமிழ் வைத்திருந்தார். விளங்காத பெயர்கள் வரிவரியாய் ஏறிக்கொண்டிருந்தன. முனிராஜ் எழுத்துக் கூட்டினார்.

நீக்கப்படுபவை. அதன் கீழே, சென்னம்மாள்.

அவர் மனைவி. இரண்டு வருஷம் முன்புவரை இங்கேதான் புளி கொட்டையெடுத்தாள். முட்டி தேய்ந்து வீட்டோடு இருக்கிறாள். காலையில் அந்த வலியோடு களி கிண்டித் தூக்குப்போசியில் கொடுத்தனுப்பியிருந்தாள். கல்யாணத்துக்கு வாங்கிய போசி. மூடியில் பேர் வெட்டியிருக்கும்: சென்னம்மாள் – முனிராஜ்.

"யோவ், அது என் வூட்டுக்காரி. தட்டாத."

"உள்ள இருக்கற பேரெல்லாம் அப்படித்தான் கிறுக்குத்தனமா இருக்கும்."

"அவள நம்பி நான் இருக்கேன்யா!"

திரையில் அடுத்த வரி எழுந்தது. அதை நம்பியிருப்பது: மு...

அவர் கூட்டி முடிக்கவில்லை. பிரபாகரின் விரல் பழக்கத்தில் இறங்கியது.

ஆமாம்.

முனிராஜ் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. போசியைத் திறந்தார். களி இல்லை. களியின் வாசனை இல்லை. ஒருநாளும் எதுவும் வைக்காத பாத்திரம்போல் உலர்ந்து கிடந்தது. மூடியைத் தடவினார். அவர் பேர் விரலில் இடறியது. அதற்கு முன்னால் வழவழப்பு. தேய்ந்ததல்ல. உளியே படாத வழவழப்பு.

"பொட்டி சொன்னா ஆயிடுமா? அவ வூட்லதான் இருப்பா."

பிரபாகர் தலை தூக்கவில்லை. கேட்டதாகவே தெரியவில்லை.

"எனக்குத் தெரியும்டா," என்றார் முனிராஜ். போசியை மூடிக்கொண்டு, கேட்டைத் தாண்டி வெயிலில் இறங்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்ததைக் குனிந்தும் பார்க்கவில்லை.

அங்கே, ஆடி ஆடிப் போகும் போசியின் மூடியில் மீதி இருந்தது: னிராஜ்.