அண்ணி பேரில் ஒரு மருந்துச் சீட்டு

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவள் கஞ்சியை பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டிருந்தபோது, நாத்தனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து நின்றாள். கையிலிருந்த பையைக் கவிழ்த்தாள். காலி மாத்திரை அட்டைகள் மேடை முழுக்கச் சிதறின.

"அம்மா தலையணை உறைக்குள்ள இருந்துது, அண்ணி. பதினாலு அட்டை. டாக்டர் கேட்டப்போ ஒண்ணும் தெரியாதுன்னு நின்னீங்களே..."

அவளுக்கு நிஜமாகவே தெரியாது. மூன்று நாளைக்கு முன் முகமும் காலும் வீங்கி மாமியார் சாய்ந்தபோது தாங்கிப் பிடித்தவளே அவள்தான். இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டது, கண்ட வலி மாத்திரையும் தின்றிருக்கிறார் என்று டாக்டர் சொன்னபோது இடிந்துபோனவளும் அவள்தான்.

"மருந்துக்கடையில காட்டிட்டுத்தான் வரேன். உங்க பேர்ல இருக்கற சீட்டாம். நாலு வருஷமா அதை வெச்சுத்தான் இந்த வீட்டுக்கு வாங்கறாங்களாம். முட்டிவலின்னு அழற கிழவியை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக உடம்பு வணங்கல. இதைக் குடுத்து வாயை அடைச்சிருக்கீங்க."

அட்டையைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. படியில் வழுக்கி விழுந்தபோது ஐந்து நாளைக்கென்று அவளுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு அது. அவள் வலி ஐந்தே நாளில் போயிற்று. சீட்டைப் புருஷன் எடுத்துக்கொண்டான். பஸ் ஓட்டி ஓட்டி அவன் இடுப்பு போயிருந்தது. டிப்போவில் மேலதிகாரியோ இந்த நாத்தனாரின் புருஷன். இடுப்பு விஷயம் அங்கே தெரிந்தால் மறுநாளே வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள். "யார்கிட்டயும் மூச்சு விடாத" என்று அவன் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தான்.

அவள் கூடத்தைப் பார்த்தாள். சீருடைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கவே இல்லை. மகராசன், ஒரு வார்த்தை சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்?

"சீட்டு என்னோடதுதான்" என்றாள். "கவனிக்காம விட்டது என் தப்பு."

"இனிமே அம்மா பக்கமே வராதீங்க."

நாத்தனார் பிளாஸ்கைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அவன் பின்னாலேயே போனான். மனசு கேட்காமல் அவளும் போய் வார்டு வாசலில் யாரோபோல நின்றாள்.

மகள் நீட்டிய கரண்டியை மாமியார் தள்ளிவிட்டாள். "எங்க அவ?"

"அவ பேச்சை எடுக்காத. கண்ட மாத்திரையையும் குடுத்து உன்னை இப்படி ஆக்கிட்டா..."

"அவ எங்கடி குடுத்தா? நான்தான் திருடித் தின்னேன்." கிழவிக்கு மூச்சு வாங்கியது. "டாக்டர்கிட்ட போகலாம்னு அவ தினம் உயிரை எடுப்பா. ஊசி, டெஸ்டுன்னு பயந்து ஒளிச்சேன். உங்கண்ணன் அலமாரியில சட்டைக்கு அடியில வெச்சிருப்பான். அட்டை அட்டையா எடுத்துக்குவேன். அவனும் கேக்கல, நானும் சொல்லல."

சுவரோடு சாய்ந்திருந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "நான் இதைத் திங்கறது பிடிக்காம உன் மருமகதான் தூக்கிப் போடறான்னு நெனச்சேன்மா... கேட்டா சண்டை வருமேன்னு பேசாம மறுபடி மறுபடி வாங்கி வெச்சேன்." பையிலிருந்து கசங்கிய சீட்டை எடுத்துத் தங்கையிடம் நீட்டினான். "உன் வீட்டுக்காரர்கிட்ட குடு. எனக்கு இடுப்பு முடியல. இதைப் போட்டுக்கிட்டுத்தான் வண்டி ஓட்டறேன். வேலை போனா போகட்டும். என் வாயை மூடித்தான் அம்மாவைத் தின்னுட்டேன்."

நாத்தனார் சீட்டைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். ஓடிப்போய் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஏன் அண்ணி சொல்லல... என்னென்னமோ பேசிட்டேனே..."

"சொல்ற இடமா அது?" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் உள்ளே வந்தாள். புருஷனைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. அவனைப் பார்க்கவில்லை.

கரண்டியை வாங்கி ஊட்டினாள். மாமியார் பசித்த குழந்தைபோல வாயைத் திறந்தாள். அரை டம்ளர் உள்ளே போனதும் அவள் பிளாஸ்கை மூடினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா. நாக்கு வறளுது."

"கூடாது அத்தை. ஒரு வேளைக்கு அரை டம்ளர்தான்னு டாக்டர் சொல்லியிருக்கார். தண்ணியும் அளந்துதான்."

"எத்தனை நாளைக்கு?"

அவள் பிளாஸ்கைக் கீழே வைத்தாள். கிழவியின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அழுகை அடக்க அடக்கப் பொங்கியது.

"சரி, அழாத" என்றாள் மாமியார். "நீ வேண்டாம்னா வேண்டாம்."

டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சிய நாலு வருஷமும் அவள் கேட்க ஏங்கிய வார்த்தை அதுதான்.