லும்பார்தாவில் இரண்டாம் மனைவி

விடுதி அறையில் டெலிபோன் அடித்தது.

நெவென் குளித்துக்கொண்டிருந்தான். துன்யா ரிசீவரை எடுத்தாள்.

“நீதானே புதுப் பொண்டாட்டி?” வயதான பெண் குரல். ரொம்பத் தாழ்ந்த குரல். “சாயங்காலம் அவனோட படகுல ஏறாத. ஏறினா... ஈனெஸ் போன இடத்துக்குத்தான் நீயும் போவ.”

லைன் செத்தது.

சாயங்காலப் படகு! அரை மணி நேரம் முன்புதான் நெவென் அதை வாடகைக்குப் பேசிவிட்டு வந்திருந்தான்.

ஸாக்ரெப் நகரத்திலிருந்து மூன்றே நாள் லீவு. கல்யாணமாகி நாலு மாதம். மணல், கடல், ஒயின் என்று ஆசை காட்டி அவளை இந்தத் தீவு ஊரான லும்பார்தாவுக்குக் கூட்டி வந்தவன் அவன்தான்.

ஈனெஸ் யாரென்று துன்யாவுக்குத் தெரியும். அவனுடைய முதல் மனைவி. ஆறு வருடத்துக்கு முன் வியாதியில் இறந்துபோனாள் என்று சொல்லியிருந்தான்.

துண்டோடு வெளியே வந்தவனிடம் நேராகவே கேட்டாள்.

“ஈனெஸ் எங்கே செத்தா?”

நெவென் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

“இங்கேதான்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். இதே ஊர். ஒரு நாள் காலையில் அவன் கண் விழித்தபோது பக்கத்தில் அவள் இல்லை. கவுனும் செருப்பும் மட்டும் மணலில் கிடந்தன. முக்குளிப்பவர்கள் நாலு நாள் கடலைத் துழாவினார்கள். உடல் கிடைக்கவே இல்லை. ஊர் அவனைத்தான் கைகாட்டியது. போலீஸால் நிரூபிக்க முடியவில்லை.

இந்த வசந்தத்தில், ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்ட உள்ளூர்க்காரர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். அன்று காலை ஈனெஸ் கடல் பக்கம் போகவில்லையாம். திராட்சைத் தோட்டத்து மேட்டில் ஏறிப் போனதைப் பார்த்தாராம். உடனே வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனுக் கொடுத்திருந்தான் நெவென். படகு, அவள் நினைவாகக் கடலில் பூப் போடுவதற்கு.

“ஏன் மறைச்சே?”

“ஊரே என்னை ஒரு மாதிரி பாத்துச்சு. நீயும் அப்படிப் பாத்துடுவியோன்னுதான்.” நிமிர்ந்தான். “இப்ப பாக்குறியே, அதே மாதிரி.”

துன்யா அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் மணற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது, அவன் கை அவள் தோளில் விழுந்தது. துள்ளி விலகினாள். நெவென் கரையேறிப் போய்விட்டான்.

மூன்று மணிக்கு, திராட்சைத் தோட்டத்து மேட்டில் இருக்கும் ஸோர்க்காவின் ஒயின் கூடம்.

ஐம்பத்தைந்து வயது விதவை. ஊரே ஒதுக்கிய நாளில் நெவெனுக்காக அழுத ஒரே ஆள் அவள்தான். வாசலில் மேஜை போட்டு, ஆட்டுப்பால் சீஸும் உப்பு மீனும் வைத்து, வெள்ளை ஒயினை ஊற்றினாள். நெவென் அந்த ஆஸ்திரேலியக் கடிதத்தைப் பற்றிச் சொன்னான். ஊற்றிய கை ஒரு விநாடி நின்று, மறுபடி ஊற்றியது.

பிறகு, பீப்பாய்களைக் காட்டுகிறேன் என்று துன்யாவை மட்டும் உள்ளே அழைத்தாள்.

ஜில்லென்ற இருட்டு. கல் தரை.

“காலையில போன் பண்ணது நான்தான், பொண்ணே.”

பின்வாசலில் என் தம்பியின் வேன் நிற்கிறது, நெவெனிடம் சொல்லாமல் அப்படியே படகுத்துறைக்குப் போய்விடு என்றாள். வழிக்குத் தெம்பாக இருக்கும், இதைக் குடி என்று இனிப்பு ஒயினை நீட்டினாள்.

“அந்த ஈனெஸ் கழுத்துல பத்து விரலும் பதிஞ்சிருந்துது. என் கண்ணால பாத்தேன். பாவி!”

துன்யா கிளாஸை உதட்டருகே கொண்டு போனாள்.

நிறுத்தினாள்.

உடல்தான் கிடைக்கவே இல்லையே... கழுத்தை இவள் எங்கே பார்த்தாள்?

“எப்ப பாத்தீங்க?”

ஸோர்க்கா நிதானமாகப் போய் வாசல் கதவைத் தாழிட்டாள். திரும்பியபோது கையில் கொடி வெட்டும் கத்தி.

“குடிச்சிருந்தா வலிக்காமப் போயிருக்கும்.” நிஜமாகவே வருந்தினாள். “இரண்டாவது பொண்டாட்டியும் காணோம்னா, முதல் பொண்டாட்டியை யாரும் தோட்டத்துப் பக்கம் தேட மாட்டாங்க.”

கத்தினால் கேட்காத அளவுக்குத் தடிமனான சுவர். துன்யா பின்னால் நகர்ந்தாள். முதுகில் பீப்பாய் இடித்தது. அதன்மேல் ஒரு மரச் சுத்தியல்.

கிளாஸை ஸோர்க்காவின் கண்ணைப் பார்த்து வீசினாள். சுத்தியலை எடுத்துப் பீப்பாயின் குழாயில் ஓங்கி அடித்தாள். குழாய் பிய்த்துக்கொண்டு பறந்தது. கறுஞ்சிவப்பு ஒயின் பீறிட்டுத் தரையெல்லாம் ஓடியது.

வாசலில் நெவென் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கதவுக்கு அடியிலிருந்து சிவப்பாக ஏதோ அவன் காலை நோக்கி வழிந்து வந்தது.

“துன்யா!”

மரப் பெஞ்சைத் தூக்கி நாலு இடி. கதவு பிளந்தபோது, துன்யாவின் தோளில் கத்தி கீறியிருந்தது. ஒயினில் வழுக்கி விழுந்து கிடந்தாள் ஸோர்க்கா. சுத்தியலை ஓங்கியபடி அவளருகே நின்றாள் துன்யா.

கூடத்துக்குக் கீழே, பலகை அடித்து மூடிய பழைய மழைநீர்த் தொட்டியில், ஆறு மணிக்குப் போலீஸ் ஈனெஸின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தது.

ஈனெஸ் ஒயின் பரிசோதிக்கிறவள். வெளியூர் ஒயினைக் கொண்டு வந்து தீவு ஒயினென்று விற்கிறாய் என்று ஸோர்க்காவிடம் முந்தின நாளே சொல்லிவிட்டாள். மறுநாள் விடியலில், நிரூபிக்க ஒரு புட்டி எடுக்கத் தனியே வந்தாள். திரும்பவில்லை. கவுனையும் செருப்பையும் மணலில் கொண்டு போய் வைத்தது ஸோர்க்கா. வழக்கு மறுபடி வருவதையும் நெவென் படகு பேசியதையும் ஊரில் கேள்விப்பட்டு, பழியை அவன்மேலேயே போடத்தான் காலையில் போன் செய்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் துன்யாவின் தோளுக்கு ஏழு தையல். நெவென் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதான். இந்த முறை அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இனிமேல் தீவே வேண்டாம், அடுத்த வருஷம் மலைக்குப் போகலாம் என்றான் அவன்.

“போலாமே. முதல்ல நீ மட்டும் போயிட்டு வா. நீ உயிரோட திரும்பி வந்தா, நான் டிக்கெட் எடுக்கிறேன்.”